பட்டன் இருக்கிறது, பிடி இல்லை: ஆல்டோ 800-க்கு எந்த டயர்?

2025 ஆகஸ்டில், குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருந்த ஒரு மாலை. முன்னால் போன மினிபஸ் ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று ஓரம் கட்டியது. நான் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கை அழுத்தினேன். கார் நிற்காமல் வழுக்கியது. சக்கரங்கள் இறுகிப்போய், ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் காதில் வாங்காமல், சோப்புக்கட்டி மாதிரி நேராகப் போய் அந்த பஸ்ஸின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு நடந்தது என்னவென்றே தெரியவில்லை. "ஏன் இவ்வளவு ஒட்டி நிறுத்துத?" என்றாள்.

மறுநாள் காலையில் டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் வெட்டுகள், நன்றாகவே இருந்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் ஆழம் அளக்கும் கேஜ் உண்டு. வைத்துப் பார்த்ததில் 4 மி.மீ. புது டயரில் ஏழு, ஏழரை இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். அப்படிப் பார்த்தால் பாதி ஆயுள் பாக்கி. ஆனால் பக்கவாட்டில் முடிபோல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. கட்டைவிரல் நகத்தை பட்டனில் அழுத்தினால் தடம் பதியவில்லை. குப்புறப் படுத்து உள்பக்கம் டார்ச் அடித்துத் தேடியதில் 4418 என்ற நான்கு இலக்கம் கிடைத்தது. 2018-ம் வருஷத்தின் 44-வது வாரத்தில் பிறந்த டயர். ஏழு வயது ஆகப்போகிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. டயர் வாங்கப் போகும்போது நாம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?" என் காருக்கு அந்தக் கேள்வியே தப்பு.

ஆபீஸ் போய்வர தினம் எட்டு கிலோமீட்டர், வருஷத்துக்கு இரண்டாயிரம். அம்மாவை டாக்டரிடம் காட்டத் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு வருஷம் இருபது தடவை. போகவர நூற்றுப்பத்து வீதம் இரண்டாயிரத்து இருநூறு. கல்யாணம், கொடை, சொந்தக்காரர் வீடு எல்லாம் சேர்த்து இன்னொரு ஆயிரத்து எண்ணூறு. ஆக மொத்தம் ஆறாயிரம். நாற்பதாயிரம் ஓடும் சாதாரண டயரே எனக்கு ஆறேமுக்கால் வருஷம் வரும். அறுபதாயிரம் ஓடும் டயர் என்றால் பத்து வருஷம். ஒரு லட்சம் ஓடும் என்று யாராவது சொன்னால், அதைத் தேய்க்க எனக்குப் பதினாறு வருஷத்துக்கு மேல் வேண்டும். அதுவரை காரே இருக்காது.

ரப்பர் அவ்வளவு நாள் காத்திருக்காது. வெயிலும் காற்றில் உள்ள ஆக்ஸிஜன், ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடும். இதைத் தடுக்க டயரில் மெழுகு மாதிரி சில பொருட்களைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேலே கசிந்து வந்து காக்கும். ஓடாமல் நிற்கும் காரின் டயரில் சீக்கிரம் வெடிப்பு விழுவது இதனால்தான். "நான் காரை எடுக்கவே மாட்டேன், டயர் அப்படியே இருக்கு" என்று பெருமைப்படுகிறவர்கள் ஒருதடவை குனிந்து பார்ப்பது நல்லது. ஐந்து வருஷம் ஆனதும் வருஷா வருஷம் காட்டிப் பாருங்கள், பத்து வருஷத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் வைக்காதீர்கள் என்று மிஷெலின் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறு, ஆறரையில் நிறுத்திக்கொள்வேன்.

ஆக, தேய்வதற்கு முன்பே மூப்படைந்து சாகும் டயர் என்னுடையது. சின்ன கார் வைத்து வருஷம் பத்தாயிரத்துக்குள் ஓட்டுகிற எல்லாருக்கும் இதே கதைதான். இனி வருவது அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்த ஒப்பீடு. டாக்ஸி ஓட்டுகிறவருக்கும், தினம் நூறு கிலோமீட்டர் போய்வரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கும் விடை நேர்மாறாக இருக்கும்.

முதல் மோதல், ஓட்டத்துக்கான டயரா, பிடிக்கான டயரா என்பது. டயர்த் தொழிலில் ஒரு முக்கோணத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு மூலையில் தேய்மானம், இன்னொன்றில் ஈரத்தில் பிடி, மூன்றாவதில் உருளும்போது எரிபொருளைத் தின்னாமல் இருப்பது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். ரப்பரைக் கெட்டியாக்கினால் நாள்பட ஓடும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். மென்மையாக்கினால் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கார்பன் கரிக்குப் பதில் சிலிக்காவைக் கலந்தால் மூன்றையும் ஓரளவு சமாளிக்கலாம் என்று 1990-களின் தொடக்கத்திலிருந்தே பெரிய கம்பெனிகள் செய்து வருகின்றன. ஆனால் 12 அங்குல ரிம்முக்கு விற்கும் மூவாயிரம் ரூபாய் டயரில் விலைதான் முதலில் பேசும்.

என் ஆல்டோவுக்கு அளவு 145/80 ஆர்12. இந்த அளவில் எம்.ஆர்.எஃப், சியட், அப்போலோ, ஜே.கே. நான்கும் சாதாரணமாகக் கிடைக்கும். சியட்டின் மைலேஸ், அப்போலோவின் அமேசர் 4ஜி லைஃப் ஆகியவை பெயரிலேயே தங்கள் நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. ஒன்று மைலேஜ், மற்றது ஆயுள். அதில் குறையொன்றும் இல்லை, தினம் ஓடுகிற வண்டிக்கு அதுதான் லாபம். எம்.ஆர்.எஃப்-ல் இசட்.வி.டி.வி என்பது ரொம்ப நாளாகச் சின்ன கார்களில் பார்த்துப் பழகிய ரகம். பிராண்டுகளுக்குள் எது உசத்தி என்று அடித்துப் பேச நான் தயாரில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு கம்பெனிக்குக் கொடி பிடிப்பார்கள். ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

என் காருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அது 2014 மாடல், ஏ.பி.எஸ். கிடையாது. இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் இறுகிப்போகாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும், ஸ்டீயரிங்காவது சொன்ன பேச்சைக் கேட்கும். அது இல்லாத காரில் பிரேக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு துண்டு, அவ்வளவுதான். பழைய சின்ன கார்தானே என்று மட்டமான டயர் போடுகிறோம். உண்மையில் பழைய காருக்குத்தான் நல்ல டயர் வேண்டும்.

வெளிநாட்டுப் பிராண்டு எடுக்கலாமே என்று மைத்துனர் சொன்னார். அவருடையது 15 அங்குல ரிம் போட்ட ஸ்விஃப்ட். அவருக்குக் கடையில் எடுத்துப் போட ஏழெட்டு ரகம் இருக்கும். எனக்கு 12 அங்குலத்தில் பாதிக் கடைகளில் "ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும்" என்றார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சல்லிசான சீன டயர்களும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்தது அளவு. இதில் ஆசை காட்டுகிறவர்கள் அதிகம். "145 ரொம்ப ஒல்லி சார், 155 போட்டுருங்க, வண்டி கம்பீரமா நிக்கும்." கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 145 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டின் உயரம் என்பது; ஆக 116 மி.மீ. 12 அங்குல ரிம் 304.8 மி.மீ. மேலும் கீழும் 116 சேர்த்தால் மொத்த உயரம் 536.8. இதையே 155/80 ஆர்12 ஆக்கினால் 552.8. மூன்று சதவீதம் கூடுதல். கார் 8 மி.மீ. உயரும்; வேகத்தடையில் அடிவயிறு தட்டுகிற நம் ஊரில் அது நல்ல விஷயம்தான். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் ஏறக்குறைய 62-ல் போவீர்கள். 800 சிசி இன்ஜினுக்குப் பெரிய சக்கரத்தைச் சுழற்றும் வேலை கூடும். மேட்டில் இரண்டாவது கியரில் திணறும்போது அது தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத ஸ்டாண்டர்ட் மாடல் என்றால் பார்க்கிங்கில் தோள்பட்டை கழன்றுவிடும்.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பது காய்ந்த ரோட்டில் ஓரளவு சரி. தேங்கிய தண்ணீரில் ஒல்லி டயர்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். முக்கால் டன் எடைகூட இல்லாத காரை அகலமான டயரில் நிறுத்தினால் அது தண்ணீருக்கு மேலே மிதக்கப் பார்க்கும்.

13 அங்குல ரிம்மும் 155/65 டயருமாக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. உயரம் 531.7, கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவேதான். 13-ல் ரகங்களும் கூடுதல். ஆனால் நான்கு ரிம் காசு தனி, பக்கவாட்டின் உயரம் 116-லிருந்து 101-க்கு வந்துவிடுவதால் பள்ளத்தில் விழும்போது இடுப்பில் தெரியும். பதினொரு வயது காருக்கு இது எனக்குத் தேவையில்லாத செலவாகப் பட்டது. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 74டி என்பதையும் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். டி என்றால் 190 கி.மீ. வேகம் வரை. ஆல்டோவில் யாரும் 190 போகப்போவதில்லை, எடைதான் முக்கியம். அதைவிடக் குறைந்த எண்ணை எடுக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

நான்கையும் மாற்றுவதா, இரண்டு போதுமா? முன்சக்கர இழுவை வண்டி என்பதால் முன்னால் இரண்டும் சீக்கிரம் தேயும். அதனால் பலர் இரண்டிரண்டாகத்தான் மாற்றுகிறார்கள். தப்பில்லை, மீதி இரண்டும் வயதில் சின்னது என்றால். ஆனால் புது ஜோடியை எங்கே போடுவது என்பதில் கடைக்காரருக்கும் டயர் கம்பெனிகளுக்கும் ஒத்துப்போகாது. "இழுக்கிறதும் திரும்புறதும் முன்சக்கரம், அப்ப புதுசு முன்னாடிதான சார் போடணும்?" என்பார் கடைக்காரர். கேட்க நியாயமாக இருக்கும். கம்பெனிகளோ பின்னால் போடச் சொல்கின்றன. காரணம் எளிது. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும். அதைத் திருத்துகிற கைகள் நம்மில் பத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது. பின்னால் போடச் சொல்லிக் கேட்டால் கடையில் ஒருமாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

என் நான்கும் ஒரே வயது, நான்குமே வெடிப்பு விழுந்தவை. எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

செகண்ட் ஹேண்ட் விஷயத்தில் நான் எதிர்பாராத இடத்தில் மனம் மாறினேன். பொதுவாக வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பழைய டயரை வாஷ் பண்ணி, கறுப்பு பாலிஷ் தடவி அடுக்கி வைத்தால் ஏழு வயதும் ஏழு மாதமும் ஒன்றுபோலப் பளபளக்கும். ஆனால் ஒரு வகை உண்டு. புதுக் கார் வாங்கிய கையோடு அலாய் வீலுக்கு மாறுகிறவர்கள் கழற்றிப்போட்ட டயர்கள். நூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, விலையோ கிட்டத்தட்டப் பாதி. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் கிடைக்கும். ஆல்டோ 800 உற்பத்தி 2023-ல் நின்றுவிட்டதால் இந்த அளவில் இனி அப்படி வருவது குறைவு. வேறு சின்ன கார் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். தேதி புதிது, பஞ்சர் ஒட்டு இல்லை, உள்பக்கம் புடைப்பு இல்லை என்றால், குடோனில் மூன்று வருஷம் தூங்கிய "புது" டயரைவிட அதுவே மேல்.

ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்வது லாரிக்குச் சரி. லாரி டயரின் உடம்பு அதற்கென்றே கட்டப்பட்டது, நாமக்கல்காரர்கள் அதில் காசு பார்க்கத் தெரிந்தவர்கள். மூவாயிரம் ரூபாய் கார் டயருக்கு அந்த வைத்தியம் கட்டுப்படியாகாது.

மூன்று வருஷம் தூங்கிய டயர் என்றேனே, அது கற்பனை இல்லை. திருநெல்வேலியில் ஒரு பெரிய கடை. ஏ.சி. அறை, கையில் காபி எல்லாம் கொடுத்தார்கள். "நேத்து வந்த ஸ்டாக் சார்" என்று இறக்கிக் காட்டினார்கள். முழுத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நான்கையும் அந்தப் பக்கம் கீழே போகும்படி அடுக்கியிருந்தார்கள். தற்செயலாகவும் இருக்கலாம். புரட்டிப் பார்த்தேன். 1122. அதாவது 2022 மார்ச். இரண்டில் 1122, ஒன்றில் 1322, ஒன்றில் 3023.

"அண்ணாச்சி, இது மூன்றரை வருஷத்துக்கு முந்தின டயர்லா?"

அவர் சிரித்தார். "டயர் என்ன பாலா சார், திரிஞ்சு போறதுக்கு? நிழல்லதான இருந்துச்சு."

நிழலில் இருந்தால் வெயிலில் நிற்பதைவிட மெதுவாகத்தான் மூப்படையும் என்பது நியாயமே. வருஷம் முப்பதாயிரம் ஓட்டுகிறவர் அதை வாங்கி ஒன்றரை வருஷத்தில் தேய்த்துவிடுவார். தள்ளுபடி கிடைத்தால் அவருக்கு அது நல்ல பேரம். என் ஆறரை வருஷ ஆயுளில் மூன்றரையை அவர் குடோனிலேயே செலவழித்துவிட்டு, முழு விலையையும் என்னிடம் கேட்டார். காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆன்லைனில் டயருக்கு இருநூறு, முந்நூறு குறைவு. ஆனால் தேதி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், மாட்டுவதற்கும் பேலன்சிங்குக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். சின்ன ஊரில் நமக்குச் சரிப்படாது.

இதற்கிடையில் செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் டயர் வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. 22-ம் தேதி முதல் அமல். வரியோடு 3,200 ரூபாயாக இருந்த டயர் 2,950-க்கு வரும். நான்குக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். அந்த ஆயிரத்துக்காக மூன்று வாரம் அதே வெடிப்பு விழுந்த டயரில் ஓட்டினேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் மழை இல்லை என்பது என் அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் இல்லை.

அக்டோபர் முதல் வாரம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தென்காசியிலேயே ஒரு சின்ன கடை. முதலாளியிடம் நேராகச் சொன்னேன்: எந்தக் கம்பெனி என்றாலும் சரி, ஓட்டத்துக்கென்று விற்கிற ரகம் வேண்டாம், நான்கிலும் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையனை மேலே அனுப்பி ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு கம்பெனி டயரில் தேதி ஒத்துவரவில்லை. எம்.ஆர்.எஃப் இசட்.வி.டி.வி நான்கிலும் 3425 என்று இருந்தது. ஆகஸ்ட் கடைசி. ஆறு வாரக் குழந்தை. முடிவு அதுதான். பிராண்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை, தேதி தேர்ந்தெடுத்தது.

வால்வு நான்கும் புதிதாகப் போடச் சொன்னேன். சின்னக் காசுதான், பழைய வால்வின் ரப்பருக்கும் அதே வயதுதானே. பேலன்சிங், அலைன்மென்ட் கட்டாயம். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிப்பதற்கு மட்டும் தலையாட்டவில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டிரைவர் பக்கத்துக் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மாதம் ஒருதடவை காற்றைச் சரிபார்த்தால் போதும். முதல் இருநூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டச் சொன்னார்கள். புது ரப்பரின் மேல்தோல் போகும்வரை சற்று வழுக்கும்.

இந்த இடத்தில் பையன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தான். காரோடு 2014-ல் வந்தது. ஒருநாள்கூட ரோட்டைத் தொடவில்லை. அச்சிலிருந்து வரும்போது இருக்கும் ரப்பர் முள்ளெல்லாம் அப்படியே நின்றது.

"சார், இது புத்தம் புதுசா இருக்கே. இத மாட்டிட்டு மூணு வாங்குனாப் போதுமே?"

முதலாளிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தன் வியாபாரத்தையே ஒன்று குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார், நல்ல மனிதர். ஐந்தில் பார்க்க அதுதான் புதிது. வயதிலோ அதுதான் மூத்தது, பதினொரு வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது டயரையும் எடுத்தேன். மொத்தம் 14,750. அலைன்மென்ட் தனி.

கழற்றிய நான்கில் ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் போட்டார். ஸ்டெப்னிக்கு அறுநூறு தருவதாகச் சொன்னார். அதை யார் வாங்குவார் என்று நான் கேட்கவில்லை. பையனிடம் ஆக்சா பிளேடு வாங்கி, பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்கு அறுத்துவிட்டுக் கொடுத்தேன். அதற்கும் நூறுதான் கிடைத்தது.